ஆன்-வோவா, சுஜித்தோனா, போர்-பானா? மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் எடுத்துட்டுப் போறவங்களுக்கு

பிரான்ஸ்ல மார்சேய்க்கும் காஸிக்கும் நடுவுல (எழுத்துல கடைசியில இன்னொரு ஸ் இருக்கும், ஊர்க்காரங்க வாயில கிட்டத்தட்ட நம்ம காசி மாதிரிதான் கேக்கும்) வெள்ளை சுண்ணாம்புப் பாறைய கிழிச்சுக்கிட்டு கடல் உள்ள புகுந்த சின்னச் சின்ன குடாங்கதான் கலாங்க். தலைப்புல இருக்கற ஆன்-வோ, சுஜித்தோன், போர்-பான் மூணும் அதுல அடக்கம். பனியுகத்துல கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்வா இருந்தப்போ தண்ணி அறுத்துவிட்ட பள்ளத்தாக்குங்க அது, அப்புறம் பனி உருகி கடல் ஏறி கீழ்ப்பாதிய முழுங்கிடுச்சு. அதனால கரையில சுவர் மாதிரி நிக்கற பாறை தண்ணிக்குள்ளயும் அப்படியே நேரா இறங்கும். மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் (முகத்த தண்ணிக்குள்ள வச்சபடியே மூச்சு விடற குழாய்) போட்டுப் பாக்கறவங்களுக்கு இதுதான் விஷயமே.

நாங்க இருக்கறது லியோன்ல, டிஜிவி அதிவேக ரயில் பிடிச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மார்சேய், அதனால மூணு சம்மரா போயிட்டு வர்றோம். தெரிஞ்சவங்க யாரு ஃபோன் பண்ணாலும் ஆன்-வோ போட்டோவ அனுப்பி இங்க எப்படிப் போறதுன்னுதான் கேக்குறாங்க. என் பதில் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான். மேல நின்னு பாக்கணும்னா ஆன்-வோ. முகத்த தண்ணிக்குள்ள வச்சு பாக்கணும்னா சுஜித்தோன். சின்னப் பசங்களோ முட்டி வலி உள்ளவங்களோ கூட வந்தா யோசிக்காம போர்-பான். ஆனா இந்த மூணு பதிலையும் ஒரு காத்து தலைகீழா மாத்திடும், அத கீழ சொல்றேன்.

முதல்ல நடை. போர்-பானுக்கும் ஆன்-வோவுக்கும் காஸியிலிருந்து ஒரே பாதைதான். போர்-மியுன்னு ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளமான குடா, ரெண்டு கரையிலயும் பாய்மரப் படகுங்க வரிசையா கட்டியிருக்கும், பழைய கல் குவாரி பக்கமா நடந்து போனா ஊர்லேர்ந்து ஒரு மணி நேரத்துல போர்-பான் வந்துடும். பெரிய ஏத்தம் எதுவும் கிடையாது, கரையில அலெப்போ பைன் மரம் நெறைய, நிழல் இருக்கு, தண்ணி மெதுவா ஆழமாகும், என் பையன் நாலரை வயசுல கையில மிதவை மாட்டிக்கிட்டு நீந்தினது இங்கதான். அதுக்கு மேல ஆன்-வோவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க, அதுல கடைசி இறக்கம் இருக்கே, அது வேற கதை. லட்சக்கணக்கான பேர் மிதிச்சு மிதிச்சு சுண்ணாம்புக்கல் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகிடுச்சு, சில இடத்துல கையும் ஊனித்தான் இறங்கணும். போன வருஷம் அக்காவும் மாமாவும் பாரிஸ்லேர்ந்து வந்திருந்தாங்க, அக்கா ரப்பர் செருப்புல வந்துட்டாங்க, பாதி இறக்கத்துல "தம்பி, என்னால முடியாதுடா, நீங்க போயிட்டு வாங்க"ன்னு ஒரு பாறையில உக்காந்துட்டாங்க, மாமாவும் அவங்க கூடவே இருந்துட்டாரு. எனக்கு அன்னிக்கு முழுக்க மனசு கேக்கல, இந்தப் பாதைக்கு அவங்கள முன்னாடியே தயார்படுத்தாம கூட்டிட்டு வந்தது என் தப்புதான். பிடிப்பு உள்ள ஷூ இல்லாம யாரையும் ஆன்-வோவுக்கு அழைச்சுட்டுப் போகாதீங்க. இன்னொண்ணு, திரும்பி வர்ற ஏத்தம் மத்தியான வெயில்ல. மூணு இடத்துலயும் குழாய் கிடையாது, கடை கிடையாது, டாய்லெட் கிடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணிங்கறது கொறஞ்சபட்ச கணக்கு.

சுஜித்தோன் எதிர்ப்பக்கம், மார்சேய் பக்கம். சிட்டி பஸ்லயே லுமினி யூனிவர்சிட்டி வளாகம் வரைக்கும் போயிடலாம், அங்கிருந்து காட்டுப் பாதையில முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இறக்கம் இருக்கு, ஆனா ஆன்-வோ அளவுக்கு பயமில்ல. கார் வேணாம், பார்க்கிங் தலைவலி வேணாம், எனக்கு அது பெரிய பிளஸ். மைனஸ் என்னன்னா ரிசர்வேஷன். முன்னாடி சம்மர்ல ஒரே நாள்ல 2500 பேர் வரைக்கும் இறங்குவாங்களாம், மண்ணு அரிச்சு பைன் மரத்தோட வேரெல்லாம் வெளிய தெரிய ஆரம்பிச்சிடுச்சு, அதனால 2022லேர்ந்து சீசன் நாள்ல 400 பேருக்கு மட்டும்தான் அனுமதி. காசு கிடையாது, கலாங்க் தேசியப் பூங்கா வெப்சைட்ல சில நாள் முன்னாடி புக் பண்ணா கியூஆர் கோடு வரும், பாதையில நின்னு செக் பண்றாங்க. நிறைய பேர் இத திட்டுறாங்க, திடீர்னு கெளம்ப முடியலன்னு. நான் முழு மனசோட இத ஆதரிக்கிறேன். ஜூலை மாசத்துல, மத்தியதரைக் கடல்ல, ரெண்டாவது பெரிய பிரெஞ்சு நகரத்துக்குள்ளயே இருக்கற ஒரு குடாவுல என் ஃபின்ஸ் (காலுல மாட்டற துடுப்பு) சத்தம் எனக்கே கேக்கற அமைதிய நான் வேற எங்கயும் பாக்கல. அதே வாரம் ஆன்-வோவுல துண்டு விரிக்க எடம் தேடி நின்னோம்.

இப்போ தண்ணிக்குள்ள.

ஆன்-வோ கரைய ஒட்டி அடிப்பக்கம் வெளிர் கூழாங்கல்லும் மணலும். மேலேர்ந்து பாக்கறப்போ அந்த டர்க்காய்ஸ் கலர் வர்றதே அதனாலதான், வெளுத்த தரை வெளிச்சத்த திருப்பி அனுப்புது. ஆனா வெளுத்த தரைன்னா ஒளிய எடமில்ல, தின்ன எதுவுமில்ல, அப்புறம் மீன் எங்க இருக்கும்? நாங்க அங்க நடுவுல நீந்தி பாத்ததெல்லாம் மணல் கலர்ல ரெண்டு மூணு குட்டி மீனும் நெறைய மனுஷக் காலும்தான். ஆனா விட்டுடாதீங்க, நடுவ விட்டுட்டு பாறைச் சுவர ஒட்டியே வெளிக்கடல் பக்கமா நூறு மீட்டர் போனா காட்சி மாறும், சுவர் இருட்டுக்குள்ள இறங்கறது தெரியும், இடுக்குல இடுக்குல கடல் முள்ளெலி கறுப்பும் ஊதாவுமா ஒட்டிக்கிட்டு இருக்கும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் இது.

சுஜித்தோன்ல கரையிலிருந்து இறங்கின உடனே பாறை ஆரம்பிக்குது. எதிர்ல தொர்ப்பியேர்னு ஒரு பாறைத்தீவு, டார்பிடோ படகு மாதிரி தெரியும்னு அந்தப் பேரு, அத நோக்கிப் போற வழியெல்லாம் உருண்ட பாறை, நடுநடுவுல பொசிடோனியா புல்வெளி. பொசிடோனியாவ பாசின்னு நெனச்சு காலுல பட்டா அருவருப்பு படறவங்க நெறைய, அது பாசியே இல்ல, வேரும் இலையும் உள்ள செடி, பூ பூக்கும், காய் காய்க்கும், மத்தியதரைக் கடல்ல மட்டும்தான் இருக்கு. வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்தான் படரும், ஒரு நங்கூரம் பிடுங்கிப் போட்டத சரி பண்ண மனுஷ ஆயுசு போதாது, பிரான்ஸ்ல 1988லேர்ந்து சட்டப் பாதுகாப்பு இருக்கு. நம்ம பாக் நீரிணையில கடற்பசு மேயற கடற்புல்லுக்கு தூரத்து சொந்தம்னு வச்சுக்கலாம். இங்க மேயறது சால்ப்னு ஒரு மீன். வெள்ளி உடம்புல தங்கக் கோடு போட்டு நூறு இருநூறா கூட்டமா வந்து ஆட்டு மந்தை மாதிரியே புல்ல கடிச்சுக்கிட்டு நகரும், நம்ம அசையாம மிதந்தா நம்மளச் சுத்தியே போகும். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே நான் அத்தன தூரம் நடப்பேன்.

அதே எடத்துல பச்சையும் நீலமும் கலந்த மயில் மாதிரி ஒரு மீன் இருக்கு, அது தெற்குல சூடான தண்ணியில வாழற மீன், கடல் சூடாக ஆக வடக்க ஏறி வந்திருக்கு. ஆகஸ்ட் கடைசியில போனா டாம்ஸெல்ங்கற மீனோட குஞ்சுங்க நகத்தளவுல பளீர் நீலத்துல பாறை நிழல்ல மொய்க்கும், வளந்தா அதே மீன் கறுப்பு. ஒரு தடவை பேய்க்கணவாய் ஒண்ணு, ரெண்டு கல்ல இழுத்து தன் பொந்து வாசல மூடிக்கிட்டு ஒத்தக் கண்ணால எங்களையே பாத்துச்சு. பெரிய களவா மீன் மட்டும் நான் இதுவரைக்கும் பாக்கல, 1993லேர்ந்து ஈட்டியால குத்திப் பிடிக்கறத தடை பண்ணதுல கொஞ்சம் கொஞ்சமா பெருகி வருது, அதுவும் ஒரு நாள் கண்ணுல படும்.

போர்-பான் இதுல நடுத்தரம். ஓரப் பாறையில சின்ன மீன் நெறைய, ஆழமில்லாததால பசங்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். பெரியவங்களுக்கு ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.

காத்துக்கு வர்றேன். வடமேற்குலேர்ந்து அடிக்கற மிஸ்த்ரால், மேல் தண்ணிய கடல் பக்கமா தள்ளிடும், அந்த எடத்த நிரப்ப அடியிலேர்ந்து குளிர் தண்ணி ஏறி வரும். இதனால ஜூலையில கூட 24 டிகிரியா இருந்த தண்ணி ஒரு ராத்திரியில 16க்கு வந்துடும், வானம் மட்டும் பளிச்சுன்னு நீலமா இருக்கும், நீங்க ஏமாந்துடுவீங்க. நாங்க ரெண்டாவது வருஷம் அப்படித்தான் ரெண்டு மணி நேரம் நடந்து ஆன்-வோவுக்குப் போய் முட்டி வரைக்கும் மட்டும் நனைச்சுட்டு வந்தோம். போர்-மியு பக்கம் காத்து இல்லாட்டியும் சில்லுன்னு இருக்கும், அங்க பூமிக்கடியில ஓடற ஒரு ஆறு கடல்ல வந்து கலக்குது. கிழக்குக் காத்துன்னா வேற பிரச்சினை, அலையும் சேர்ந்து வரும், சில நாள் ஊதா கலர் சொறிமீனையும் கொண்டு வந்து குடாவுக்குள்ள விட்டுடும், அது கொட்டினா ரெண்டு நாள் எரியும். அதனால முந்தின நாள் ராத்திரி காத்தையும் தண்ணி வெப்பத்தையும் பாக்காம கெளம்பாதீங்க, மிஸ்த்ரால் நின்னு ரெண்டு மூணு நாள் ஆனப்புறம் போங்க. மெல்லிசா ஒரு வெட்சூட் (குளிர் தாங்கற நீச்சல் உடை) டாப் இருந்தா சுஜித்தோன்ல இன்னும் அரை மணி கூட இருக்கலாம்.

படகுல போலாமேன்னு கேப்பீங்க. காஸி துறைமுகத்துலேர்ந்து போற வழக்கமான சுத்திக்காட்டற படகு குடாவுக்குள்ள போய் காட்டிட்டு திரும்பிடும், இறக்கிவிடாது. அம்மா வந்திருந்தப்போ அதுதான் எங்களுக்கு கைகொடுத்துச்சு. கயாக் (நாமளே துடுப்பு போடற சின்னப் படகு) நல்ல வழி, ஆனா காத்து இருந்தா வாடகைக்கே தர மாட்டாங்க, அது சரியும்கூட. சோர்மியு, மோர்ஜியுன்னு இன்னும் ரெண்டு பெரிய கலாங்க் இருக்கு, சோர்மியுவுல மணல் கரை நல்லாருக்கும், ஆனா சம்மர்ல கார் பாதைய மூடிடுவாங்க. மோர்ஜியு முனை பக்கம் கடலுக்கு 37 மீட்டர் அடியில வாசல் இருக்கற கோஸ்கேர் குகை, 1991ல வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது, சுமார் 27,000 வருஷப் பழைய கை அச்சும், அதுக்குப் பல ஆயிரம் வருஷம் கழிச்சு வரைஞ்ச குதிரையும் பறக்காத பறவையும் சுவர்ல இருக்கு, நேர்ல யாருக்கும் அனுமதியில்ல, மார்சேய்ல அதோட நகல 2022ல திறந்துட்டாங்க. நீந்தி முடிச்ச மறுநாள் அத பாத்தீங்கன்னா நீங்க மிதந்த தண்ணிக்கடியில ஒரு காலத்துல மனுஷங்க நடந்தாங்கங்கறது உடம்புக்கே புரியும்.

கடைசியா காட்டுத் தீ. ஜூன் 1லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் தீ அபாயத்தப் பொறுத்து தினமும் கலர் போடுவாங்க, சிவப்புன்னா மொத்த மலையும் மூடல், சுஜித்தோன் கியூஆர் கோடு இருந்தாலும் உள்ள விட மாட்டாங்க. முந்தின நாள் சாயங்காலமே தெரிஞ்சிடும். எங்களுக்கு இந்த ஆகஸ்ட்ல அப்படி ஒரு சிவப்பு நாள் வந்துச்சு, பையன் மாஸ்க்க கழுத்துல மாட்டிக்கிட்டு ஹோட்டல் கட்டில்ல உக்காந்திருந்தான். ஊருக்குள்ளயே இருக்கற கத்தலான் கடற்கரைக்கு போனோம், அங்க கரையிலிருந்து நூறு மீட்டர்ல, அஞ்சு மீட்டர் ஆழத்துல, 2020ல சிலைங்கள இறக்கி வச்சிருக்காங்க, கடல் உயிருங்க வந்து ஒட்டறதுக்காகவே செஞ்ச சிமெண்ட் சிலைங்க. என் தோளப் பிடிச்சுக்கிட்டு மிதந்தான், மேல வந்ததும் ஸ்நார்க்கல கழட்டாமயே "அப்பா, அந்த சிலை மேல மீன் வீடு கட்டிருக்குப்பா"ன்னு கத்தினான்.