கலோரிக் கணக்கா, கடிகாரமா?

எடையைக் குறைக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் இரண்டு வழிகளில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கணக்கு வைப்பது. மற்றொன்று, எப்போது சாப்பிடுகிறோம் என்பதற்கு எல்லை கட்டுவது. முன்னதற்குச் சமையலறைத் தராசும் கைப்பேசிச் செயலியும் வேண்டும். பின்னதற்கு ஒரு கடிகாரம் போதும். இரண்டையும் மாதக்கணக்கில் கடைப்பிடித்துப் பார்த்த பிறகு நான் கடிகாரத்தின் பக்கம் வந்துவிட்டேன், இன்றும் அதில்தான் இருக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு எந்த இடத்தில் உயர்ந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

இது முக்கியமாக நாற்காலியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கான அலசல். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடல் பருமனோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1990ஐ ஒப்பிட்டால் பெரியவர்களிடையே இது இரண்டு மடங்குக்கும் மேல். இதில் உட்கார்ந்தே இருப்பதன் பங்கு சிறியதல்ல. ஜேம்ஸ் லெவின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பருமனானவர்கள் ஒல்லியானவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களும் மற்றவர்களைப் போல நின்று நடமாடியிருந்தால், நாளுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று அந்தக் குழு கணக்கிட்டது.

அப்படியானால் எழுந்து நடந்தால் போதாதா என்று கேட்கலாம். நடக்கத்தான் வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு தேவை என்ற பரிந்துரையை நான் கேள்வி கேட்கவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது. ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 120 முதல் 150 கலோரிதான். உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் இருப்பதோ ஏறக்குறைய 7,700 கலோரி. எடையைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாட்டில்தான் நடக்கிறது. அதனால் நடையை இரு தரப்புக்கும் பொதுவாக வைத்துவிட்டு மேலே போகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: எதில் எடை அதிகம் குறையும்? ஏறக்குறைய சமம். சிகாகோவில் 90 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வு இந்த ஒப்பீட்டுக்கு நேராகப் பொருந்துகிறது. ஒரு குழு முதல் ஆறு மாதம் நண்பகல் முதல் இரவு 8 மணி வரைக்குள் மட்டும் சாப்பிட்டது, கணக்கு எதுவும் வைக்கவில்லை. பிந்தைய ஆறு மாதம் அந்த வரம்பு பத்து மணி நேரமாக விரிந்தது. இன்னொரு குழு முதல் ஆறு மாதம் கலோரிக் கணக்கு வைத்துக் குறைத்துக்கொண்டது, பிந்தைய ஆறு மாதம் எடையைத் தக்கவைக்கும் அளவுக்குச் சாப்பிட்டது. எந்த மாற்றமும் செய்யாத குழுவோடு ஒப்பிட்டால் முதல் குழு சுமார் 4.6 கிலோவும் இரண்டாவது குழு 5.4 கிலோவும் குறைந்திருந்தன. இரண்டுக்கும் இடையில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

கடிகாரத்துக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சால்க் ஆய்வு நிறுவனத்தின் சச்சிதானந்த பாண்டா குழு 2012இல் எலிகளிடம் கண்டது பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது: அதே கொழுப்புத் தீவனத்தை எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்ற எலிகள் பருக்கவில்லை. மனிதர்களிடம் அது அப்படியே நிகழவில்லை. இரு குழுக்களுக்கும் ஒரே அளவு கலோரியைச் சமைத்தே கொடுத்து, நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்த 2024 ஆய்வு ஒன்றில் எடையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கடிகாரம் செய்வதெல்லாம் நம்மைக் கணக்கு இல்லாமலே குறைவாகச் சாப்பிட வைப்பதுதான். எனக்கு அது போதும்.

கணக்கின் பெரிய பலம் அது கற்றுக்கொடுப்பது. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் நான்கு கலோரி, கொழுப்பில் ஒன்பது என்று படித்திருந்தாலும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கிட்டத்தட்ட 120 கலோரி இருக்கிறது என்பதைத் தராசில் வைத்துப் பார்க்கும்போதுதான் மனம் ஒப்புக்கொள்கிறது. புரதம் எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறோம் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இந்த அறிவைக் கடிகாரம் தராது. நான் இன்று கணக்கே எழுதாமல் கண்ணளவில் தட்டை நிரப்ப முடிகிறதென்றால், அதற்குக் கணக்கெழுதிய காலத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

துல்லியம் என்ற பெருமை மட்டும் கணக்குக்கு முழுதாகப் பொருந்தாது. எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்ல, மனித நினைவு அப்படிப்பட்டது. பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. அமெரிக்க விதிகளே 20 சதவீதம் வரை பிசகை அனுமதிக்கின்றன. ஒற்றை இலக்கம் வரை கூட்டிக் காட்டும் செயலியின் திரைக்குப் பின்னால் இவ்வளவு தளர்வு இருக்கிறது.

ஆனாலும் நான் கணக்கை விட்டது துல்லியக் குறைவால் அல்ல. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: முறை முறிந்துபோனால், திரும்பி வருவது எவ்வளவு எளிது?

முறியும் என்பதில் சந்தேகமே வேண்டாம். விருந்து வரும், பயணம் வரும், காய்ச்சல் வரும், துக்கம் வரும். எடை குறைந்த உடலும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழு பரிசோதித்தபோது, பெரும்பாலானவர்களுக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்வில் அவர்கள் உடல் செலவிடும் ஆற்றலோ, அந்த உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இப்போது பேசப்படும் ஊசி மருந்துகளுக்கும் இதே கதைதான். செமாக்ளூட்டைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. நிறுத்திய ஓராண்டுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீள்வது. ஆண்டுக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல் எதையும் செய்கிறவர் யார்? ஆகவே ஒரு முறையின் தரத்தை அது நன்றாக நடக்கும் நாட்களை வைத்து நான் அளப்பதில்லை, அறுந்த மறுநாளை வைத்துத்தான் அளக்கிறேன்.

கணக்கு அறுந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வேறொருவர் சமைத்த ஒரு வேளைச் சாப்பாடு போதும். அதில் எண்ணெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று தெரியாது. உத்தேசமாக ஓர் எண்ணைப் போடுகிறோம். அந்த எண் உத்தேசம் என்பதால் அன்றைய மொத்தமும் உத்தேசமாகிறது. மொத்தத்தில் நம்பிக்கை போனதும் இரவுச் சாப்பாட்டை எழுதத் தோன்றுவதில்லை. மறுநாள் செயலியைத் திறந்தால் நேற்றைய பக்கம் பாதியில் நிற்கிறது. இன்னும் மோசமானது பாக்கி. நேற்று 600 கலோரி கூடிவிட்டதென்றால் இன்று அதைக் குறைத்து ஈடுகட்ட மனம் துடிக்கிறது. குறைத்தால் மாலையில் பசி பிடுங்குகிறது. பசியில் மறுபடியும் கூடுகிறது. கடனுக்கு வட்டி ஏறுவதைப் போலத் தவறிய நாள் அடுத்த நாளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. திரும்பி வர வேண்டுமானால் தராசைத் துடைத்து வைத்து, ஒவ்வொரு பண்டத்தையும் மறுபடி பதிந்து, முழு வேலையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் தொடக்கம் முந்தையதைவிடக் கனமாக இருந்தது.

கடிகாரம் பாக்கி வைப்பதில்லை. நேற்று நள்ளிரவு வரை சாப்பிட்டாலும் இன்று காலை அதே மணிக்குத் தொடங்கி மாலை அதே மணிக்கு முடிக்கலாம். நிரப்ப வேண்டிய வெற்றுப் பக்கம் இல்லை, ஈடுகட்ட வேண்டிய எண் இல்லை. வேறொருவர் சமைத்தாலும் மணி மாறப் போவதில்லை. ஒரு நாளில் எடுக்க வேண்டிய முடிவுகளும் இரண்டே: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது. கணக்கிலோ ஒவ்வொரு கவளமும் ஒரு முடிவு. வேலையால் மூளை களைத்துப்போன மாலை வேளையில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. வீட்டிலுள்ளவர்களுக்கும் விருந்துக்கு அழைப்பவருக்கும் "இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் சாப்பிடுவதில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மீதமுள்ள கலோரி எண்ணைச் சொல்லி யாரிடமும் மறுக்க முடியாது; சொன்னாலும் "இந்த ஒன்றால் என்ன ஆகிவிடும்" என்ற பதில்தான் வரும்.

உட்கார்ந்த வாழ்க்கைக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. பாண்டாவும் ஷுப்ரோஸ் கில்லும் 2015இல் கைப்பேசிப் படங்களை வைத்து, ஷிப்டு வேலை இல்லாத சுமார் 150 பேரின் உணவு நேரங்களைத் தொகுத்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நாளில் 15 மணி நேரமோ அதற்கு மேலோ எதையாவது சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நண்பகலுக்கு முன் உள்ளே போனது நாளின் கலோரியில் கால் பங்குக்கும் குறைவு. மாலை 6 மணிக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாற்காலியிலிருந்து எழுந்து சோபாவில் அமர்ந்து, திரையைப் பார்த்தபடி கை தானாகப் பொட்டலத்துக்குள் போகும் நேரம் அது. அதில் பசிக்குப் பங்கில்லை, பழக்கம்தான். கணக்கு அந்த நொறுக்குத்தீனியைப் பதிவு செய்யச் சொல்கிறது. கடிகாரம் சமையலறையின் விளக்கை அணைத்துவிடுகிறது. எனக்குக் குறைந்த எடையில் பெரும்பகுதி இந்த ஒரு வேளையிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று நம்புகிறேன். கணக்கை நிறுத்திவிட்டதால் அதை எண்ணால் நிரூபிக்க என்னால் முடியாது.

கடிகாரத்தின் குறைகளுக்கு வருகிறேன். கடுமை கூடினால் மேலே சொன்ன சாதகம் முழுவதும் போய்விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறக்குறையப் பட்டினி கிடக்கும் முறையை ஓராண்டு சோதித்த 2017 ஆய்வில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகினார்கள். தினமும் கலோரி குறைத்தவர்களில் விலகியது 29 சதவீதம். அதனால் நான் பத்து மணி நேர வரம்போடு நிறுத்திக்கொண்டேன், எட்டுக்கும் ஆறுக்கும் போகவில்லை. அடுத்தது தசை. 116 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், நண்பகல் முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்த எடையில் கணிசமான பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. வரம்புக்குள் புரதம் நிறைவாக இருக்க வேண்டும், வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி வேண்டும். வரம்பை நாளின் பிற்பகுதிக்குத் தள்ளுவதும் நல்லதல்ல. தாமதமாகச் சாப்பிடுவது பசியைக் கூட்டி ஆற்றல் செலவைக் குறைக்கிறது என்று 16 பேரை வைத்துச் செய்த 2022 ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான் என்றாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தைச் சுருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது ஏற்றதல்ல. உணவோடு மனப்போராட்டம் இருந்தவர்களுக்கு இரண்டு முறைகளும் ஆபத்து. இரவு ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வரவில்லை. என் வேலை நேரம் மாறாதது, அதைத் தாண்டி எனக்கு அனுபவம் இல்லை.

கணக்கிலிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: வாரம் ஒரு முறை எடை பார்ப்பது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது தங்கள் எடையைப் பார்க்கிறார்கள். எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் நம்பினால், வரம்பு அரை மணி அரை மணியாக நீள்வது கண்ணுக்குத் தெரியாது.

இன்னும் எதையும் தொடங்காதவர், முதல் இரண்டு வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்றாமல், முதல் வாயும் கடைசி வாயும் எத்தனை மணிக்கு என்று மட்டும் குறித்துப் பார்க்கட்டும். தேநீரும் நொறுக்குத்தீனியும் இதில் சேரும். இடைவெளி 14, 15 மணி நேரம் என்று வந்தால் அதை 12 ஆக்கி, அது பழகிய பிறகு 10 ஆக்கலாம். ஏற்கெனவே 11 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிறவராக இருந்தும் எடை ஏறுகிறது என்றால், கடிகாரத்தால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவர் தராசை வாங்கிச் சில வாரமாவது கணக்கெழுதத்தான் வேண்டும்.