வேதபாடக் குழு நடத்தக் கற்றுத்தந்த ஆன்லைன் வகுப்பு

பெரம்பூரில் எங்கள் வீட்டு வேதபாடக் குழுவை ஜூமுக்கு மாற்றியபோது நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது, அதற்காகத்தான் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பைபிளில் 25 வசனமே உள்ள பிலேமோன் நிருபத்தை (கடிதத்தை) வைத்து, வசனம் என்ன சொல்கிறது, பொருள் என்ன, நாம் என்ன செய்யணும் என்று கேள்வி தயாரிக்கப் பழக்கினார்கள். கேட்டபின் பத்து விநாடி பேசாமல் காத்திருங்கள் என்றார்களே, அது பெரிய உதவி, ஏனென்றால் எங்கள் அக்காமார் மியூட்டை எடுத்துவிட்டுப் பேச நேரமாகும், அதற்குள் நானே பதில் சொல்லிவிடுவேன். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், ஜெபத்தையும் அதற்குள் திட்டமிடணும்.

ஒரே குறை, கத்தோலிக்கத் தோழி 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பில் படிக்கிறாள், அதில் நிருபம் என்பது திருமுகம், இப்படி வார்த்தை மாறும்போது எப்படிச் சேர்ந்து படிப்பது என்று சொல்லித்தரவில்லை. அப்புறம் எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை.