வெண்புள்ளி: வாட்ஸ்அப் குழுவா, நேர்ச் சந்திப்பா?

கன்னத்தில் புதிதாக வெண்புள்ளி (தோல் நிறம் இழந்து வெள்ளையாவது) வந்த ஒரு தங்கை கேட்டாள், "அக்கா, வெண்புள்ளி உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேரவா, அவர்கள் கூடும் சந்திப்புக்கு நேரில் போகவா?"

செலவு: குழுவுக்கு டேட்டா போதும். சந்திப்புக்கு பஸ் காசும் ஒரு ஞாயிறும் போகும்.

தயக்கம்: குழுவில் முகம் காட்ட வேண்டாம், ராத்திரி 2 மணிக்கு அழுதுகொண்டே எழுதினாலும் யாராவது விழித்திருப்பார்கள். நேரில் போக முதல் தடவை கால் வராது. ஆனால் நான் போன அன்று ஒரு அம்மா, முழுக்கை ரவிக்கையை மடித்துவிட்டு, வெள்ளை படர்ந்த கையாலேயே சுண்டல் அள்ளிக் கொடுத்தார். இது தொற்றாது என்று எத்தனையோ முறை படித்திருந்தும் அன்றைக்குத்தான் மனசு நம்பியது.

நம்பகம்: குழுவில் "90 நாளில் மறையும்" எண்ணெய் விளம்பரம் நுழையும். நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது இது, தோல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

சரி, எது யாருக்கு? இப்போதுதான் புள்ளி வந்தவர்களுக்கும் சின்ன ஊர்க்காரர்களுக்கும் முதலில் குழு. கல்யாணப் பேச்சில் தவிப்பவர்கள், வீட்டாருக்குப் புரியவைக்க வேண்டியவர்கள் அம்மா அப்பாவோடு சந்திப்புக்கே போங்கள். ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம், அதையொட்டித் தேடினால் கூட்டம் கிடைக்கும்.