ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா?

விடுமுறையில் ஊருக்குப் போய் நாலைந்து நாள் கடலில் ஸ்கூபா டைவ் செய்ய நினைப்பவர்களுக்குத் தலைவலி பெட்டி கட்டும்போதே ஆரம்பித்துவிடும். பி.சி.டி.யையும் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) துடுப்புகளையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். முகக்கண்ணாடியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். இழுபறி ரெகுலேட்டரில்தான், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவியில். ஹோஸ், கேஜ் (அழுத்தமானி), ஆக்டோபஸ் (அவசரத்துக்கான இரண்டாவது மவுத்பீஸ்) எல்லாம் சேர்ந்தால் 2 முதல் 3 கிலோ வரும்.

சொந்த ரெகுலேட்டர் ஒழுங்காக சர்வீஸ் ஆகியிருந்தால் கொண்டுபோவதே நல்லது. சர்வீஸ் ஆகி மூன்று வருஷம் ஆகிவிட்டதென்றால், நன்றாகப் பராமரிக்கும் சென்டரின் வாடகைச் செட்டே மேல். எந்த மாடல் என்பதைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

புதிதாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு. யோக் என்பது சிலிண்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் வளையம், 232 பார் (காற்றழுத்த அளவு) வரை. டின் என்பது வால்வுக்குள் திருகி இறங்குவது. அதில் 232 பாருக்கு 5 மரை, 300 பாருக்கு 7 மரை. டின் ரெகுலேட்டரோடு ஒரு யோக் அடாப்டர் வைத்திருந்தால் இரண்டு வகை சிலிண்டரிலும் மாட்டலாம். யோக் ரெகுலேட்டரை 300 பார் டின் வால்வில் மாட்ட வழியே இல்லை. எந்த வால்வு கிடைக்குமென்று தெரியாமல் பயணம் போகிறவர் டின் வாங்குவதே சரி. அடாப்டர் போட்டால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதி) கொஞ்சம் தலைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். சிலிண்டரைப் பட்டையில் சற்று இறக்கிக் கட்டினால் போதும்.

டின்னில் ஓ-ரிங் ரெகுலேட்டரிலேயே இருக்கும். யோக்கில் அது சிலிண்டர் வால்வில் இருப்பது, அதாவது உங்களுடையது அல்ல. வெடிப்பும் நசுங்கலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் பாருங்கள். படகில் காற்றைத் திறந்ததும் வால்வுப் பக்கம் புஸ்ஸென்று கசிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு அளவிலும் நாலைந்து ஓ-ரிங் பையில் இருக்கட்டும்.

அடுத்தது ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் இருப்பது. ஸ்கூபாப்ரோ எம்.கே.2 போன்ற அன்பேலன்ஸ்டு பிஸ்டன் எளிமையானது, பாகங்கள் குறைவு. வாடகைச் செட்டுகளில் இந்த ரகம் அதிகம். சிலிண்டர் காலியாகக் காலியாக அதன் இடை அழுத்தமும் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து ஹோஸுக்குப் போகும் காற்றின் அழுத்தம்) இறங்கும். 50 பார் மிச்சமிருக்கையில் ஆழத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இழுப்பு கனமாகத் தெரியும். 15 மீட்டரில் நிதானமாகச் சுற்றிவருபவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எம்.கே.25 போன்ற பேலன்ஸ்டு பிஸ்டன் காற்றை அள்ளித் தரும், ஆனால் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் போய்வரும். எம்.கே.17 போன்ற சீல் செய்த டயாஃபிரம் (சவ்வு) வகையில் உப்பும் மணலும் உள்ளே போகாது. இந்த சீல் 10 டிகிரிக்குக் கீழே குளிர்நீரில் மட்டும்தான் வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வெதுவெதுப்பான கடலிலும் அதனால் லாபம் உண்டு. பயணத்தில் நல்ல தண்ணீரில் ஊறவைக்கும் வாய்ப்பு எல்லா நாளும் கிடைக்காது, உப்பு காய்ந்து படிவது அப்போதுதான். பயணத்துக்கென்றே ஒன்று வாங்குவதானால் சீல் செய்த டயாஃபிரம்தான் என் தேர்வு.

வாடகைக்கு எடுப்பவர்களுக்குக் கரையிலேயே பத்து நிமிஷ வேலை இருக்கிறது. சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறக்காமல் மவுத்பீஸை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். ஒன்றும் வரக் கூடாது. காற்று வந்தால் வெளிமூச்சு வால்வு மடிந்திருக்கும், அல்லது மவுத்பீஸ் பல் கடிக்கும் இடத்தில் கிழிந்திருக்கும், அல்லது வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜின் டயாஃபிரத்தில் ஓட்டை. அப்படியே இறங்கினால் ஒவ்வொரு மூச்சோடும் உப்புநீர் வாய்க்குள் வரும்.

பிறகு காற்றைத் திறந்து, கேஜைப் பார்த்தபடி நாலு பெரிய மூச்சு இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் இடத்து ஃபில்டர் அடைத்திருக்கிறது. கழற்றி ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. அந்தச் செட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு வாளித் தண்ணீர் கிடைத்தால் இன்னொரு சோதனை. காற்று திறந்திருக்க, மவுத்பீஸ் மேலே பார்க்கும்படி செகண்ட் ஸ்டேஜை மெல்ல இறக்குங்கள். கீழ்ப்பக்கத்து டயாஃபிரம் 2.5 முதல் 4 செ.மீ. ஆழம் போகும்போது சீறத் தொடங்கினால் சரியான அளவு. தண்ணீரைத் தொட்டதுமே சீறினால் நீருக்குள் குதித்த உடனே ஃப்ரீ-ஃப்ளோ (காற்று நிற்காமல் கொட்டுவது) ஆகும். நன்றாக அமுங்கிய பிறகும் சத்தமே இல்லையென்றால் மூச்சுக்குப் போராட வேண்டியிருக்கும். இதே சோதனையை ஆக்டோபஸுக்கும் செய்யுங்கள். யாரும் தொடாமல் கிடப்பது அதுதான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் இடை அழுத்தக் கேஜ் ஒன்று வாங்கிவைப்பது நல்ல முதலீடு. பி.சி.டி. ஹோஸின் நுனியில் மாட்டினால் பெரும்பாலான ரெகுலேட்டர்களில் 9 முதல் 10 பார் காட்டும். அங்கேயே நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா வைத்திருக்கையில் 9.5, 10, 10.5 என்று ஊர்ந்தால் உயர் அழுத்த சீட் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்றை அடைக்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது. கூடும் அழுத்தம் செகண்ட் ஸ்டேஜ் வால்வைத் தள்ளித் திறந்துவிடும், அதனால்தான் இந்தப் பழுது கடைசியில் ஃப்ரீ-ஃப்ளோவில் முடிகிறது. கேஜைக் கழற்றும் முன் சிலிண்டரை மூடி, செகண்ட் ஸ்டேஜில் இருக்கும் பர்ஜ் பட்டனை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

ஹோஸ்களில் உலோக முனையை ஒட்டிய இடத்தை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ரப்பர் உறை போட்டிருந்தால் அதை நகர்த்திவிட்டுப் பாருங்கள்.

விடுமுறைக்கு வந்த இடத்தில் சர்வீஸும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், டைவ் எல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள். புது சீட் படிந்து அமர ஓரிரு டைவ் ஆகும், அதற்குள் அழுத்தம் சற்று மாறலாம். கொடுக்கும் முன் உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கிட் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். “ஓ-ரிங் மட்டும் மாத்திடலாம்” என்று பதில் வந்தால் அது சர்வீஸ் இல்லை. கழற்றிய பழைய பாகங்களையும், இடை அழுத்தம் எழுதிய சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 டைவ் என்பது பரவலான கணக்கு. சில தயாரிப்பாளர்கள் 2 ஆண்டு தருகிறார்கள், கையேட்டில் இருக்கும்.

திரும்பும்போது ரெகுலேட்டர் கைப்பையில் வரட்டும். அதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துடைத்துக் காயவைத்து இறுக்கிப் போடுங்கள், பர்ஜ் பட்டனில் கை படவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை ஏறிவிடும். அடுத்த விடுமுறைக்குப் பெட்டியைத் திறக்கும்போது அந்தப் பச்சை உங்கள் ஃபில்டரிலேயே இருக்கும்.