வாசிப்பைச் சொல்லாத அகராதியோடு ஆறு ஆண்டுகள்

சென்ற மாதம் என் ஜப்பானிய மின்னகராதி பழுது நீங்கித் திரும்பி வந்தது. அலுவலகத்தில் அதைக் கண்ட தம்பி ஒருவர், “அண்ணா, நானும் ஜப்பானிய மொழி படிக்கலாம்னு இருக்கேன், இதே மாதிரி ஒண்ணு வாங்கிடட்டுமா?” என்று கேட்டார். அவருக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. ஆறு ஆண்டுகள் இதனோடு பழகியவன் சொல்ல வேண்டியதை முறையாக எழுதிவிடுவதே நேர்மை என்று தோன்றியது.

கருவியின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. மடக்கும் உடல், இரண்டு பென்சில் பேட்டரி, முள் போன்ற எழுதுகோலால் எழுதுவதற்குச் சிறு பலகை, உள்ளே பல அகராதிகள். 2019-இல் ஒசாக்காவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர், பழைய பொருள் கடையில் 8,000 யென்னுக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5,000 ரூபாய்க்கு, இதை வாங்கி வந்தார். நான் இராணிப்பேட்டையில் தோல் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன், வீடு வேலூர் சத்துவாச்சாரியில். படிப்பதற்கு எனக்குக் கிடைப்பது பேருந்தில் போகும் நேரமும் வரும் நேரமும், ஞாயிறு மாலையில் இணையவழி அரைமணி நேர உரையாடலும் மட்டுமே. ஆகவே ஒரு சொல்லுக்கு எத்தனை முறை பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையான கவலை.

அங்கேதான் குறை இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஜப்பானியச் சொல்லைக் காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் காட்டுகிறது. அதை எப்படி வாசிப்பது என்று காட்டுவதில்லை. காஞ்சிக்கு மேலே, ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவில் சிறிதாக ஒலியை எழுதிக் காட்டும் ஃபுரிகானா, மொழி கற்பவனுக்கு ஊன்றுகோல் போன்றது. அது கருவியின் இந்த ஆங்கில-ஜப்பானியப் பகுதியில் ஓரிடத்திலும் இல்லை. சொல்லை முள்ளால் தேர்ந்தெடுத்து, தாவும் பொத்தானை அழுத்தி, வேறோர் அகராதியைத் தெரிவு செய்து, வாசிப்பைப் பார்த்துவிட்டு, மீண்டும் பழைய இடத்துக்கு வர வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் வினைச்சொல் திரிந்த வடிவில் நின்றால், அந்தத் தாவலும் பல நேரங்களில் வேறு சொல்லுக்குக் கொண்டுபோய் விடுகிறது. இரத்தினகிரியைப் பேருந்து தாண்டும்போது தேடத் தொடங்கிய வாக்கியம் பாலாற்றுப் பாலம் வரும் வரையில் முடியாத நாள்கள் பல உண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற நம் பழமொழி இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது.

வாசிப்பு ஏன் அவ்வளவு இன்றியமையாதது என்று தம்பி கேட்கக்கூடும். ஜப்பானிய மொழியில் ஒரே காஞ்சிக்கும் பல வாசிப்புகள் உண்டு. ஒரே இரட்டை எழுத்துகூட வாசிப்பு மாறினால் வேறு சொல்லாகிவிடும். சந்தையைக் குறிக்கும் இரு காஞ்சிகளை ‘இச்சிபா’ என்று வாசித்தால் காய்கறியும் மீனும் விற்கும் இடம். ‘ஷிஜோ’ என்று வாசித்தால் வணிகர்கள் பேசும் பொருளாதாரச் சந்தை. என் தொழில் காரணமாக எனக்கு இரண்டாவது வாசிப்பு மட்டுமே முன்பு பழக்கம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டைகள் இறங்கும் காட்சியை ஓர் உரையாடலில் விவரித்தபோது முழுவதும் ‘ஷிஜோ’ என்றே சொல்லிவந்தேன். எதிரில் இருந்த பெரியவர் நான் ஏற்றுமதி விலைகளைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலை அகராதியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். அது சரியான எழுத்துகளைக் காட்டியது; அவற்றுக்கு இரண்டு வாய்கள் உண்டு என்பதைக் காட்டவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சினம் வருகிறது.

கருவியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இது நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆங்கிலம் படிக்கும் ஜப்பானிய மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது. அங்கே தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளிலேயே 1,026 காஞ்சிகளைக் கற்பிக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கென 2010-இல் திருத்தப்பட்ட பட்டியலில் இருப்பவை 2,136. அவற்றைப் படித்து வளர்ந்தவருக்கு ஃபுரிகானா எதற்கு? அதே காரணத்தால்தான் இந்தக் கருவி ஆங்கிலச் சொற்களைத் தெளிவாக உச்சரித்துக் காட்டிவிட்டு, ஜப்பானியச் சொற்களுக்கு வாய் திறப்பதில்லை. காரணம் விளங்குகிறது; ஆனால் பேருந்தில் முள்ளோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த விளக்கம் உதவுவதில்லை.

ஒலியைத் தமிழில் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்று முதலாண்டில் முயன்றேன். குறில், நெடில், ஒற்று ஆகியவை நம் காதுக்குப் பழக்கம் என்பதால், அத்தைக்குரிய ‘ஒபசான்’ பாட்டிக்குரிய ‘ஒபாசான்’ ஆகும் வேறுபாடு எனக்கு முதல் நாளே பிடிபட்டது. ஆனால் வல்லினத்தில் தமிழ் எழுத்து கைவிட்டது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லும், படிப்பை நடுவில் விட்டு விலகுவதைக் குறிக்கும் சொல்லும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுபவை; முன்னதில் மென்மையான ஒலி, பின்னதில் வன்மையான ஒலி. என் ஏட்டில் இரண்டும் ‘தைககு’ என்றே இருந்தன. அந்த ஏட்டை மூடிவைத்துவிட்டு ஹிரகானாவிலேயே எழுதத் தொடங்கினேன். தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது.

இனி, இந்தக் கருவியை நான் விடாமல் வைத்திருப்பதற்கான காரணம். அதன் எழுதும் பலகை எனக்குக் கொடுத்ததை வேறு எதுவும் கொடுக்கவில்லை. வாசிப்புத் தெரியாத காஞ்சியைப் பலகையில் எழுதினால் எழுத்தைக் கண்டுபிடித்துத் தருகிறது. கோடுகளின் வரிசை பிசகினால் பெரும்பாலும் வேறு எழுத்துகளை நீட்டுகிறது. யாரும் திட்டாமல், யாரும் பாராட்டாமல், வரிசையைத் திருத்திக்கொண்டேன். ஒவ்வொரு காஞ்சியும் என் விரலில் இருக்கிறது என்றால் அந்தச் சிறு பலகையே காரணம். 2022 டிசம்பரில் சென்னையில் ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், கீழிருந்து இரண்டாவதான ‘என் 4’ நிலையை எழுதினேன். எழுதிக் காட்டச் சொல்லாத, பேசவும் சொல்லாத, விடையைத் தெரிவு செய்யும் தேர்வு அது. ஆயினும் ஒன்றுபோல் தோன்றும் காஞ்சிகளை மயங்காமல் பிரித்தறிய முடிந்தது விரல் பழக்கத்தால்தான்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. அகராதிப் பட்டியல் அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நகர்கிறது. நம் பகரத்தின் இடத்தில் நிற்கும் அந்த ஹகர வரிசையும் முற்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது மொழியியலாளர் கருத்து. பௌத்தத்தோடு அங்கே சென்ற இந்திய ஒலியியல் அறிவின் தடம் இந்த வரிசைமுறை. திண்ணைப் பள்ளியில் சொன்ன வரிசை வேறு நாட்டு அகராதியில் வந்து நிற்பதைக் கண்ட அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டதையும், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்காததையும் அறிவேன். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் ‘தபெதெ மிரு’ என்பதை ஆங்கில வழியாகப் புரிந்துகொள்ள நான் பட்ட பாடு, ‘சாப்பிட்டுப் பார்’ என்று தமிழில் நினைத்த நொடியில் தீர்ந்தது. ‘யோந்தெ ஒகு’ என்றால் ‘படித்து வை’. துணைவினைகள் இப்படிச் சொல்லுக்குச் சொல் பொருந்தும்போது, இடையில் ஆங்கிலத்தை நிறுத்தும் அகராதி சுற்றுவழியாகவே படுகிறது.

கோடையில் வண்டிப் பெட்டியில் ஒரு பகல் வைத்ததில் திரை கறுத்தது. நிழலில் ஆறியதும் மீண்டது. ஆனால் இவ்வாண்டுத் தொடக்கத்தில் மடிப்பருகே கோடுகள் விழுந்தபோது மீளவில்லை. லாங் பஜார் பக்கத்தில் பழுது பார்ப்பவர் ஒருவர் திறந்து பார்த்து, “ஸ்ட்ரிப் போயிருக்குங்க சார், இதுக்கு ஸ்பேர் கிடைக்காது” என்றார். உறவினர் ஜப்பானிலிருந்து இதே மாதிரியில் இயங்காத கருவி ஒன்றை அனுப்ப, அதிலிருந்து எடுத்துப் பொருத்தினார். எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆயிற்று.

கருவி பழுதாகிக் கிடந்த இரண்டு மாதமும் கைபேசியில் ஓர் அகராதிச் செயலியைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு காஞ்சியின் மேலும் ஃபுரிகானா இருந்தது, தொட்டால் ஒலித்தது, திரிந்த வினைகளையும் அதுவே பிரித்துக் காட்டியது. ஒரு பயணத்தில் முப்பது சொற்கள் பார்த்தேன். மறுநாள் அவற்றில் மிகச் சிலவே நினைவில் இருந்தன. அகராதியில் பாடுபட்டுத் தேடிய ஏழு, எட்டுச் சொற்களோ மாதங்கள் கழித்தும் நிலைத்திருந்தன. இருந்தும், பழுது நீங்கி வந்த கருவியில் முதலில் தேடிய சொல்லுக்கு மறுபடியும் வாசிப்பில்லாமல் காஞ்சி மட்டும் வந்து நின்றபோது எனக்கு வந்த எரிச்சல் சிறிதும் குறையவில்லை.

தம்பிக்கு என் விடை: வாங்க வேண்டாம். நேரம் குறைவாக உள்ளவர் முதல் இரண்டு ஆண்டுகளில் வாசிப்பைத் தேடியே களைத்துப்போவது சரியன்று. செயலியில் தொடங்கி, காஞ்சிகளை ஏட்டில் கையால் எழுதிப் பழகுங்கள். நான் என் கருவியை எவருக்கும் கொடுக்கப் போவதில்லை. உறவினர் அடுத்த முறை வரும்போது, உதிரிக்காக இதே மாதிரியில் பழுதான இன்னொன்றைத் தேடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.