வயசான மரக் கோஸ்டரை என்ன செய்யலாம்: தச்சு வேலையா, ஸ்டீல் போர்வையா, இடிப்பா?

ஒரு பூங்காவில் வயசான மர ரோலர் கோஸ்டர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருக்கிறது, வளைவுகளில் ஆளை உலுக்கி எடுக்கிறது, கூட்டமெல்லாம் பக்கத்தில் புதிதாக வந்த ஸ்டீல் கோஸ்டருக்குப் போய்விட்டது. பூங்காக்காரர்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. தச்சர்களை வைத்து மரத்துக்கு மரம் மாற்றி அதையே ஓட்டலாம். மரச் சட்டத்தை வைத்துக்கொண்டு தண்டவாளத்தை மட்டும் ஸ்டீலாக மாற்றி 'ஹைப்ரிட்' ஆக்கலாம். இல்லையென்றால் மொத்தமாக இடித்துத் தள்ளிவிட்டு முழு ஸ்டீல் கோஸ்டர் கட்டலாம். எனக்கு முதல் வழியின் மேல் ஒரு சாய்வு உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் பழசு என்றாலே காப்பாற்றியாக வேண்டும் என்று வாதாட வரவில்லை. இரண்டாவது வழியில் போனதால்தான் உருப்பட்ட கோஸ்டர்களும் இருக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மரக் கோஸ்டரா ஸ்டீல் கோஸ்டரா என்பதைத் தூண்களை வைத்து முடிவு செய்வதில்லை, சக்கரம் ஓடும் தடத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927இல் திறந்த சைக்ளோனுக்குத் தாங்குசட்டம் எஃகு, தடம் மரம். அதனால் அது மரக் கோஸ்டர். ஒஹையோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் 1978இல் வந்த ஜெமினி தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மரக் கோஸ்டர் மாதிரியே நிற்கும், ஆனால் மேலே ஓடுவது ஸ்டீல் குழாய். அது ஸ்டீல் கணக்கு.

அந்த மரத் தடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேலே இருக்கும் அடுக்குகள் மட்டும் உள்பக்கமாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தலுக்கு அடியில்தான் பெட்டியை மேலே எழும்பவிடாமல் பிடிக்கும் அடிச்சக்கரம் ஓடுகிறது. சக்கரங்கள் படும் இடத்தில் மட்டும் பட்டையாக ஒரு ஸ்டீல் தகடு. ஆக, உங்களைச் சுமப்பது ஒரு கெட்டியான கம்பி இல்லை, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி, விட்டால் நிமிரும் மர அடுக்கு. மொத்தச் சட்டமும் ரயில் போகும்போது லேசாக ஆடும். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கும், ஆனால் ஆடும்படிதான் அதைக் கட்டுகிறார்கள்.

அந்த அடிச்சக்கரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது இல்லாத கோஸ்டரைப் பார்த்தால் தெரியும். பென்சில்வேனியாவின் அல்டூனாவில் இருக்கும் லீப்-த-டிப்ஸ் 1902இல் கட்டியது, இன்று நிற்கும் ரோலர் கோஸ்டர்களிலேயே மூத்தது அதுதான். பெட்டியைக் கீழே பிடித்துவைக்க அதில் எதுவும் கிடையாது, பக்கவாட்டில் உரசித் தடுப்பதோடு சரி. அதனால் சாதுவான சரிவுகள், சாதுவான வேகம். மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912இலிருந்து ஓடும் சீனிக் ரயில்வேயில் இன்றைக்கும் ஒரு ஆள் ரயிலின் நடுவில் நின்றுகொண்டு பிரேக் பிடிக்கிறார். ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் அடிச்சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியதற்கு அப்புறம்தான் 1920களின் செங்குத்தான சரிவுகள் வந்தன. சைக்ளோன் 85 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய 58 டிகிரியில் விழுவது அந்தச் சக்கரத்தை நம்பித்தான்.

சரி, இனி ஒப்பீடு.

ஹைப்ரிட் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அதற்குத்தான் மவுசு. ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம் 2011இல் டெக்சஸ் ஜயண்ட் என்ற 1990இன் மரக் கோஸ்டரை எடுத்து, மர அடுக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எஃகுத் தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த தடத்தைப் பழைய சட்டத்தின் மேலேயே உட்காரவைத்தது. எலும்பை உடைக்கும் பெயர் வாங்கியிருந்த கோஸ்டர் ஒரே வருடத்தில் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. அதன்பின் வரிசையாக மாற்ற ஆரம்பித்தார்கள். சீடர் பாயிண்ட்டின் மீன் ஸ்ட்ரீக் 1991இல் 161 அடி உயரத்தில் பெரிய ஆரவாரத்தோடு வந்தது. முதல் சரிவிலேயே வேகத்தைக் குறைக்க பிரேக் வைக்கும் நிலைமை. சரிவில் பிரேக் என்றால் பாயசத்தில் உப்புப் போட்ட மாதிரி. 2016இல் மூடி, அதே சட்டத்தின் மேல் 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று திறந்தார்கள்: 205 அடி, நேர் செங்குத்தாக 90 டிகிரி விழுச்சி, மணிக்கு 119 கிலோமீட்டர், நான்கு தலைகீழ்த் திருப்பங்கள். ஜப்பானின் நாகஷிமாவில் 1994இல் வந்த வைட் சைக்ளோனுக்கும் அதே கதைதான், 2019இல் ஹகுகேய் ஆகிவிட்டது.

மீன் ஸ்ட்ரீக் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டேன். ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. மீன் ஸ்ட்ரீக் ஓய்வு பெறும்போது வயது இருபத்தைந்து. டெக்சஸ் ஜயண்ட்டுக்கு அதைவிடக் குறைவு. ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்டில் 2000இல் 218 அடி உயரத்தில், நடுவில் ஒரு முழு வட்டச் சுற்றோடு வந்த சன் ஆஃப் பீஸ்ட் 2009இலேயே நின்றுபோய் 2012இல் இடிபட்டது. அதே நேரத்தில் 1920களில் கட்டிய சைக்ளோன், சாண்டா குரூசின் ஜயண்ட் டிப்பர், கென்னிவுட்டின் ஜாக் ராபிட் எல்லாம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆக மரக் கோஸ்டரை நாசமாக்குவது வயது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. யார் உயரம் என்ற போட்டியில் மரத்தின் சக்திக்கு மீறி உயரத்தையும் எடையையும் ஏற்றிய தலைமுறைதான் சீக்கிரம் படுத்தது. வேகம் கூடக்கூட, சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் தடத்தில் இடிக்கும் இடி பல மடங்காகிறது. பள்ளம் விழுகிறது, பள்ளத்தில் சக்கரம் குதித்து அடுத்த பள்ளத்தைப் பறிக்கிறது. 85 அடிக்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லாமல் இல்லை, ஆனால் தச்சர் சமாளிக்கிற அளவில் இருக்கிறது.

அதனால்தான் குலுக்கல் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் திட்டுவதை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்று, தடத்துக்கும் பக்கச் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில் பெட்டி இடமும் வலமும் நழுவி நழுவிப் போவது. பழைய மரக் கோஸ்டரின் நடையே அதுதான், பக்கத்தில் இருப்பவர் மேல் போய் இடித்துக்கொண்டு சிரிக்கிற வகை. இன்னொன்று, வளைவின் அடியில் முதுகெலும்பில் விழும் தடதட இடி, சம்மட்டியால் நாற்காலியை அடிப்பது மாதிரி. இது பழமையின் அழகும் இல்லை ஒன்றும் இல்லை, பராமரிப்புக்குக் காசு செலவழிக்காததன் அடையாளம். இரண்டாவதைப் பட்டுவிட்டு 'மரக் கோஸ்டர் என்றாலே இப்படித்தான்' என்று இறங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, பாவமாக இருக்கிறது.

ஹைப்ரிட்டில் இந்த இரண்டும் இல்லை. வழுக்கிக்கொண்டு போகும், தலைகீழாகச் சுழற்றும், சீட்டிலிருந்து உடம்பு எழும்பும் அந்த ஏர்டைம் கணங்களை அள்ளி அள்ளிக் கொடுக்கும். சுகத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் அது ஜெயித்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த ஏர்டைமை எப்படி அனுபவிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆளுக்கொரு தடுப்பு தொடையை இறுக்கிப் பிடித்திருக்கும், எழும்புவது இரண்டு விரல் அளவு. தலைகீழாகப் போகும் வண்டியில் வேறு வழியும் கிடையாது.

இதற்கு நேர் எதிரில் பென்சில்வேனியாவின் நோபல்ஸ் பூங்காவில் இருக்கும் ஃபீனிக்ஸை வைக்கலாம். 1947இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ராக்கெட் என்ற பெயரில் ஓடியது. அந்தப் பூங்கா மூடிய பிறகு யாரும் சீண்டாமல் நின்றதை, கழற்றி லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து 1985இல் மறுபடி நிறுத்தினார்கள். மரக் கோஸ்டருக்கு இது ஒரு வசதி. பலகை பலகையாகக் கட்டியதைப் பலகை பலகையாகக் கழற்றலாம். உயரம் 78 அடிதான், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். ஸ்டீல் வெஞ்சன்ஸ் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தை. ஆனால் அதில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான், அது ஒரே நிலையில் நின்றுவிடும், தொடைக்கும் அதற்கும் நடுவே இடம் இருக்கும். கடைசிச் சின்ன மேடுகளில் அந்த இடம் முழுவதும் எழும்பிப்போய்க் கம்பியில் முட்டி, அடுத்த பள்ளத்தில் சீட்டில் வந்து விழுவீர்கள். உயரத்தை வைத்து வாங்க முடியாத விஷயம் அது. அந்தச் சட்டத்தின் மேல் யாராவது ஸ்டீல் தடம் போட வந்தால் தடியோடு நிற்பவர்களில் நானும் ஒருவன்.

மர ரகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. காலையில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி ஓடும். காலையில் சக்கரத்து கிரீஸ் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், முதல் ரயில் சோம்பல் முறித்துக்கொண்டே மேடு ஏறும். நாள் முழுக்க ஓடிச் சூடேறிய பிறகு, சாயங்காலம் அதே மேட்டை அது தாண்டுகிற லட்சணமே வேறு. ஒரு தூறல் விழுந்து தடம் நனைந்தால் இன்னும் வேகம். முழு ஸ்டீல் கோஸ்டரிலும் வெயில், குளிர் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் பொருள் என்பதால் இங்கே தடமே தினம் கொஞ்சம் மாறுகிறது. அதனால்தான் காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் ஆட்கள் சுத்தியலும் ஸ்பானருமாக அதன் மேல் நடந்து, தளர்ந்த போல்ட்டை முறுக்கி, எழும்பிய ஆணியை அடித்துக்கொண்டு போகிறார்கள். உச்சியில் நின்றுகொண்டு ஒரு பலகையைக் காலால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே உளுத்துவிட்டதா என்று சொல்லும் ஆள் கிடைப்பது இப்போது அவ்வளவு சுலபம் இல்லை. ஹைப்ரிட் பக்கம் பேசுகிறவர்களின் வலுவான வாதம் இதுதான், நியாயமான வாதமும்கூட: ஸ்டீல் தடத்துக்கு இத்தனை ஆள் தேவைப்படாது, வருடா வருடம் பலகை மாற்றும் செலவும் இல்லை.

முழு ஸ்டீல் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் குழாய்த் தண்டவாளத்தைக் கொண்டுவந்ததிலிருந்து, உயரமும் வேகமும் சுழற்சியும் வேண்டுமென்றால் அதுதான் வழி. மில்லெனியம் ஃபோர்ஸ் மாதிரி 310 அடியிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டரில் இறங்குவதை மரத்தில் யோசிக்கவே முடியாது. ஆனால் அதற்காக ஒரு பழைய மரக் கோஸ்டரை இடிப்பானேன்? பூங்காவில் வேறு மூலை கிடைக்காதா? இடிப்புக்கு நான் தரும் மார்க் பூஜ்யம், சன் ஆஃப் பீஸ்ட் மாதிரி கைவிட்ட கேஸ்கள் தவிர.

மரத்தை வைத்துக்கொண்டே வழவழப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. சன் ஆஃப் பீஸ்ட்டின் அப்பா, அதாவது 1979இலிருந்து காட்டுக்குள் ஓடும் பீஸ்ட், 7,361 அடி நீளம், சுற்றி வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். உலகத்திலேயே நீளமான மரக் கோஸ்டர். அதற்கு 2022 சீசனுக்காக இரண்டாயிரம் அடிக்கு மேல் தடத்தை மாற்றினார்கள், முதல் சரிவையும் 45 டிகிரியிலிருந்து 53 ஆக்கினார்கள். மரத்துக்கு மரம்தான், ஸ்டீல் போர்வை இல்லை. மகன் போய்ச் சேர்ந்து பத்து வருடம் கழித்து அப்பா புதுசாக ஓடுகிறார். தொழிற்சாலையிலேயே துல்லியமாக வெட்டி ஒட்டிய மரத் தடத்தைக் கொண்டுவந்து பொருத்தும் முறையும் உண்டு. கொரியாவின் எவர்லேண்டில் 2008இல் வந்த டி எக்ஸ்பிரஸ் 77 டிகிரியில் விழுந்தும் வெண்ணெய் மாதிரி போவது அதனால்தான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வெண்ணெய். மரத்தில் போகிறோம் என்பது கண்ணுக்குத்தான் தெரிகிறது, இடுப்புக்குத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் தீர்ப்பு கோஸ்டருக்குக் கோஸ்டர் மாறும். நூறடிக்குள், நல்ல மேடுபள்ளத்தோடு கட்டியது என்றால் தச்சரைக் கூப்பிடுங்கள், வேறு யாரையும் கூப்பிடாதீர்கள். தொண்ணூறுகளில் உயரத்துக்காகவே கட்டி, பிரேக் போட்டுப் போட்டு ஓட்டுகிற மலைப்பாம்பு என்றால் ஸ்டீல் போர்த்துவதில் தப்பே இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாக் ராபிட் வகையில் பெரும்பாலும் ஏற்றலாம், நான்கு முறை தலைகீழாகப் போகும் வண்டியில் பாட்டி கீழே நின்று பையைப் பிடித்துக்கொள்வார்.

பழைய மரக் கோஸ்டரில் ஏறப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். மூன்று வரிசை பெஞ்ச் உள்ள பெட்டியில் முன் வரிசையும் பின் வரிசையும் கிட்டத்தட்ட சக்கரத்துக்கு மேலேயே வரும், இடி நேராக முதுகுக்கு. நடு வரிசை இரண்டு அச்சுக்கும் நடுவில், அங்கே அடி குறைவு. கடைசிப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் முன்னால் விழுந்த பெட்டிகள் எல்லாம் சேர்ந்து உங்களை உச்சியிலிருந்து பிடுங்கி இழுக்கும். ஏறும்போது கீழே டக் டக் டக் என்று கேட்பது வண்டி பின்னால் நழுவாமல் தடுக்கும் கொக்கி பல்லுக்குப் பல் விழும் சத்தம், அது கேட்கிறவரை கவலையே வேண்டாம். பொழுது சாய்ந்து, முடிந்தால் ஒரு தூறல் நின்ற பிறகு போங்கள்.