கட்டாய வெப்பச்சலனக் கருவி: குழாய்ச் சுவரில் நிலவுவது எந்த நிபந்தனை?

எங்கள் துறை ஆய்வகத்துக்கு வாங்கிய கட்டாய வெப்பச்சலனக் கருவி (சூடான குழாயிலிருந்து, உள்ளே தள்ளப்படும் காற்றுக்கு வெப்பம் மாறுவதை அளப்பது), பொறியியல் கல்லூரிகளில் வழக்கமாகக் காணப்படும் அமைப்புதான்: 28 மி.மீ. உள்விட்டமும் 400 மி.மீ. நீளமும் கொண்ட குழாய், அதன்மேல் சுற்றிய நைக்ரோம் கம்பி, காற்றைத் தள்ளும் ப்ளோயர், ஓட்டத்தை அளக்க ஆரிபிஸும் (துளைத் தகடு) மானோமீட்டரும் (அழுத்தமானி), மின்திறனைக் கூட்டிக் குறைக்க டிம்மர்ஸ்டாட். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்கள் சுவரில் உறுதியாகவே பதிக்கப்பட்டுள்ளன. ப்ளோயரின் இரைச்சலை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழாய்ப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரே அளவு வெப்பம் பாய்கிறது, அதாவது நிலவுவது சீரான வெப்பப் பாயம் என்கிறது செய்முறைக் கையேடு. கம்பி சம இடைவெளியில் சுற்றப்பட்டிருப்பதால் நடுப்பகுதிக்கு இது பொருந்துகிறது. அங்கே சுவரின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையோடு சேர்ந்து ஓட்டத்தின் திசையில் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் முனைகளில் தடித்த உலோகச் சுவர் வழியே வெப்பம் குழாய்முனை இணைப்பு வளையங்களான பிளாஞ்சுகளுக்குக் கசிவதால், கடைசித் தெர்மோகப்பிளின் அளவு தாழ்ந்துவிடுகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் திறனை நம்பாமல், காற்று உண்மையில் பெற்ற வெப்பத்தைக் கொண்டே கணக்கிடச் சொல்லியிருப்பது கையேட்டின் நல்ல அம்சம்.

பெரிய குறை விற்பனை ஏட்டின் வாக்குறுதியில் இருக்கிறது. முழுமையாக வளர்ந்த (நுழைவாயிலின் தாக்கம் தீர்ந்த) வரிச்சீர் ஓட்டத்தில், அதாவது காற்று கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும்போது, சீரான வெப்பப் பாயத்துக்கு நுசெல்ட் எண் (ஓட்டம் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதன் அலகற்ற அளவு) 4.36, சீரான சுவர் வெப்பநிலைக்கு 3.66. எல்லை நிபந்தனை, அதாவது சுவரில் நிலவும் நிபந்தனை, மாறினால் விடையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மாணவருக்குக் கிடைக்காது. இவற்றுள் முதல் எண்ணை இக்கருவியில் பெறலாம் என்கிறது அந்த ஏடு. ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் வரிச்சீரா, கலங்கியதா என்று காட்டுவது) 2000, காற்றின் பிராண்டல் எண் (பாகுநிலைப் பரவலுக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) 0.7 என்று கொண்டால், வெப்ப நுழைவு நீளம் (அந்த முழு வளர்ச்சியை அடையத் தேவையான தூரம்) விட்டத்தைப் போல் சுமார் 70 மடங்கு, அதாவது ஏறத்தாழ 2 மீட்டர்; அந்த எண்ணை 400 மி.மீ. குழாயில் எதிர்பார்ப்பதற்கே இடமில்லை.

காற்று கலங்கிச் சுழித்தோடும் சுழற்சி ஓட்டத்திலோ காற்றுக்கு இரு நிபந்தனைகளின் விடைகளும் மிக நெருங்கிவிடுவதால், அவ்வோட்டத்தின் நுசெல்ட் எண்ணைத் தரும் டிட்டஸ்–போயெல்டர் சமன்பாட்டோடு ஒப்பிடும் வழக்கமான பயிற்சிக்குக் கருவி தாராளமாகப் போதும். குழாயின் நீளம் விட்டத்தைப் போல் 14 மடங்குதான் என்பதால், நுழைவுப் பகுதியின் தாக்கத்தில் அளந்த மதிப்பு சற்று உயர்ந்தே வரும் என்று மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சீரான சுவர் வெப்பநிலை தேவைப்படுவோர், குழாயைச் சுற்றி நீராவி ஒடுங்கும் உறையுள்ள கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். வரிச்சீர் ஓட்டத்துக்கு, மின்சாரத்தை நேரடியாகவே செலுத்திச் சூடாக்கும் மெல்லிய எஃகுக் குழாய் ஏற்றது, 6 மி.மீ. விட்டம் என்றால் அதே 70 மடங்கு வெறும் 42 செ.மீ.தான் என்பதால், ஒரு மீட்டர் நீளமே போதும்.